பத்துக் காசுத் தக்கை

சூசைநாதன் வாங்க நினைத்தது ஒரு பழைய டிராம்போன். கையில் இருந்தது நூற்றெண்பது மலேசிய வெள்ளி. புதிதாக வாங்கும் எண்ணமே அவனுக்கு வந்ததில்லை. ஆசைப்படுவதைக்கூட அளவோடு செய்கிற ஆள். ஈப்போவில் ஒரு டயர் கடையில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பேண்டில் டிராம்போன் வாசிப்பான். பதினோரு வருஷமாக அதே பாட்டுகள். அவற்றில் பாதி சவ அடக்கத்துக்கு வாசிப்பவை. வாத்தியமும் கோயிலுடையது. அதைக் கோயில் காரியம் தவிர வேறெதற்கும் தொட பாதிரியார் விடமாட்டார்.

1979 ஆகஸ்டில் சொக்கநாதன் அவனைக் கூப்பிட்டனுப்பினார். பகலெல்லாம் அப்பாவின் இரும்புச் சாமான் கடையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் மனிதர், சனிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் பியானோ முன்னால் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். ஜாஸ் என்றால் உயிர். ஏழு பேர் கொண்ட அவருடைய பேண்டில் ஒரு நாற்காலி மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்தது.

"அடுத்த மாசம் மொத சனிக்கிழமை வந்திருங்க, சூசை. ஆனா சொந்த டிராம்போன் வேணும்லா. கோயிலு வாத்தியம் ரொம்பக் கனம். நம்ம பாட்டுக்கு ஊதுனதும் சட்டுன்னு பேசணும். குழலு துளை ஒடுக்கமா இருக்கறதாப் பாருங்க."

சூசைநாதன் தலையாட்டினான். அந்த நாற்காலியில் முன்பு யார் உட்கார்ந்திருந்தார் என்பதை இருவரும் பேசவில்லை. ஆம்புரோஸ் உட்கார்ந்திருந்தான். காம்பாருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டியவன். கோயில் பேண்டில் சூசைநாதனுக்கு அடுத்த நாற்காலிக்காரன். மே மாதம் ஒரு புதன்கிழமை மோட்டார் சைக்கிளில் காம்பாருக்குப் போய்த் திரும்பும்போது மரம் ஏற்றிய லோரி ஒன்று மோதிச் செத்துப்போனான். அவன் அடக்கத்துக்கு வாசித்ததும் சூசைநாதன்தான்.

நண்பன் இடத்தில் உட்காரப் போகிறோமே என்ற உறுத்தல் அவனுக்கு இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஆசை இருந்தது. முப்பத்தாறு வயதில் ஒருமுறையாவது சாவுக்கு அல்லாமல் சந்தோஷத்துக்கு வாசிக்க வேண்டும் என்று அவன் நினைத்ததை யார் குறை சொல்ல முடியும்?

முதலில் ஈப்போவில் ஓர் அடகுக்கடைக்குப் போனான். கண்ணாடி அலமாரியில் வெள்ளிப் பூச்சோடு ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. "பாகுஸ் லா! மாச்சம் பாரு!" என்றார் கடைக்காரத் தௌக்கே, புதிதுபோல் இருக்கிறதாம். சூசைநாதன், சுரம் மாற்ற முன்னும் பின்னும் இழுக்கும் ஸ்லைடைக் கழற்றி, உள்குழலைச் செங்குத்தாகப் பிடித்து, வெளிக்குழலைக் கையிலிருந்து விட்டான். நல்ல ஸ்லைடாக இருந்தால் தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு கீழே வரும். இது நடுவழியில் முரட்டுக் குழந்தை மாதிரி நின்றுவிட்டது. எங்கோ கீழே போட்டு வளைத்திருக்கிறார்கள். விலை என்னவோ நூற்றெழுபது.

அடுத்து காம்பாரில் ஒரு பழைய சாமான் கடை. அங்கே இருந்ததற்கு ஸ்லைடு நன்றாகத்தான் ஓடியது. ஆனால் துளை அகலம்; ஒரு பாட்டு முடிவதற்குள் மார்பில் இருக்கிற காற்றையெல்லாம் குடித்துவிடும். பெரிய பேண்டுகளில் முப்பது பேரோடு உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு அது சரி. அவன் அதையும் வைத்துவிட்டுத் திரும்பினான்.

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் ஆம்புரோஸின் மனைவி இருதயமேரி ஆளிடம் சொல்லியனுப்பினாள். ஆம்புரோஸின் டிராம்போனை விற்கப் போகிறாள். மறுநாள் ஈப்போவிலிருந்து வாத்தியக் கடைக்காரர் ஒருவர் பார்க்க வருகிறார். அதற்குமுன் சூசையண்ணன் வந்து என்ன விலை பெறும் என்று சொல்ல வேண்டும்.

சூசைநாதன் பஸ் ஏறினான். பணத்தையும் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டான். ஏன் எடுத்துக்கொண்டோம் என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றாகிவிட்டது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனைக் கன்றுகளை நட்டிருந்தார்கள். தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மாதக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டுமாம். இருதயமேரி கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஈப்போவுல ஒரு ரூம்பு பாத்திருக்கேன்ணே. தையல் பேக்டரில வேல கெடைக்கும்போல இருக்கு. முன்பணம் கட்டணும். எனக்கு இதோட வெல என்ன தெரியும்? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவன் பெட்டியைத் திறந்தான். பூச்சு அங்கங்கே உரிந்து, விரிந்த வாயான பெல்லில் ஒரு சொட்டை விழுந்து, பார்க்க ஒன்றுமில்லைதான். ஸ்லைடைக் கழற்றி விட்டுப் பார்த்தான். தண்ணீர் இறங்குவதுபோல் இறங்கியது. துளை ஒடுக்கம். சொக்கநாதன் கேட்டது இதைத்தான். இதன் சத்தத்தை அவன் ஒருமுறை கிளப் வாசலில் நின்று கேட்டிருக்கிறான். உள்ளே போகத் துணியாமல் வெளியிலேயே நின்று கேட்டுவிட்டுத் திரும்பினான்.

பிறகு காற்றுச் சோதனை. ஸ்லைடின் ஒரு வாயை உள்ளங்கையால் அடைத்து, மறு வாயில் ஊதினான். காற்று தங்கவில்லை, எங்கோ கீழே உஸ்ஸென்றது. அவனுக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. ஸ்லைடின் அடியில் எச்சில் தண்ணீரை வடித்துவிட ஒரு சின்ன மூடி உண்டு. அதற்குள் தக்கை வைத்திருப்பார்கள். தக்கை தேய்ந்தபோது, ஆம்புரோஸ் தோட்டத்து ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வட்டமாக வெட்டி அங்கே ஒட்டினான். தோட்டத்தில் பிறந்தவன் வேறென்ன செய்வான்? குடை கிழிந்தாலும் செருப்பு அறுந்தாலும் அவர்களுக்கு ரப்பர்தான் மருந்து. "எண்ணெ பட்டா ரப்பரு கெட்டுப் போயிடும், மச்சான்" என்று சூசைநாதன் அப்போதே சொன்னான். ஆம்புரோஸ் சிரித்தான். ரப்பர் இப்போது காய்ந்து வெடித்திருந்தது.

சூசைநாதன் ஒரு கையை நீட்டி அந்த மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறுபடி ஊதினான். ஒரு சொட்டுக் காற்று வெளியேறவில்லை. குழாய் புதிதுபோல் இருந்தது. கடைக்காரர் பார்த்தால் மறுபேச்சில்லாமல் முந்நூற்றைம்பது கொடுப்பார்.

விரலை எடுத்தான். ஒரு வாய் கோப்பி குடித்தான்.

"காத்து ஒழுகுது, மேரி. பழசாயிருச்சு. நூத்தெம்பது போகும். அதுக்கு மேல யாரும் கொடுக்க மாட்டாங்க." கோப்பையைக் கீழே வைத்து, "நானே எடுத்துக்கிறேன்" என்றான்.

காற்று ஒழுகுவது உண்மை. மற்றதை அவன் மென்று விழுங்கினான். பத்துக் காசுத் தக்கையை மறைத்து, நண்பனின் பெண்சாதியிடம் பாதி விலைக்கு அடித்துக்கொண்டு போகிறோம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான்.

இருதயமேரி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிண்ணே" என்றாள். பேரம் பேசவில்லை.

அவன் பணத்தை எடுத்து மேசையில் வைத்தான். அவள் எழுந்துபோய், மாதா படத்துக்குக் கீழே இருந்த தகர டப்பாவிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்தாள். மடித்த காகிதத்தின் ஓரத்தில் பழுப்பாய்க் கறை இருந்தது.

"இதும் அதோட சேந்ததுதான். எடுத்துக்கிட்டுப் போங்க. அவரு சட்டப் பையில இருந்துச்சுன்னு மாத்தா மாத்தா கொண்டாந்து கொடுத்தாங்க."

போலீஸ்காரர்கள் கொடுத்த பொட்டலம். சூசைநாதன் பிரித்தான். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு வட்டமான தக்கைகள், இரண்டு.

ஆம்புரோஸ் அந்தப் புதன்கிழமை காம்பாருக்கு எதற்குப் போனான் என்று இதுவரை யாரும் சூசைநாதனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. பொட்டலத்தை மூடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

அவன் பேனாக்கத்தியை எடுத்துக் காய்ந்த ரப்பரைச் சுரண்டினான். புதுத் தக்கையை மூடிக்குள் அழுத்தி வைத்தான். ஸ்லைடை அடைத்து ஊதினான். காற்று நின்றது.

"நான் சொன்னது பொய்யி, மேரி" என்றான். "இதுல ஒரு கொறையும் இல்ல. தக்கதான் போயிருந்துச்சு."

"தெரியும்ணே."

அவன் நிமிர்ந்தான்.

"அன்னிக்குக் காலையில சொல்லிட்டுத்தான் போனாரு. பத்துக் காசு தக்க, மாத்துனா சரியாப் போயிரும்னு."

"அப்பறம் ஏன் சரின்னு சொன்ன?"

அவள் காலிக் கோப்பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷம் அவரு பக்கத்துல உக்காந்து வாசிச்சவரு நீங்க. நீங்களே இப்படிச் சொன்னா, மத்தவங்ககிட்ட நான் போயி என்னத்தப் பேச?"

கோபம் இல்லை அவள் குரலில். திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். பணத்தைத் திருப்பி எடுத்துப் பையில் வைத்தான். அதை வைப்பதும் அவமானமாக இருந்தது. "நாளைக்கு வர்றவன்கிட்ட முந்நூத்தம்பதுக்கு ஒரு காசு கொறைக்காதே. ஊதிப் பாக்கச் சொல்லு, அவனுக்கே புரியும்" என்றான். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்க அவனுக்கு முகமில்லை.

கடைக்காரர் முந்நூற்றறுபது கொடுத்து எடுத்துக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம், அடகுக்கடையின் வெள்ளிப் பூச்சு டிராம்போனோடு அவன் கிளப்புக்குப் போனான். சொக்கநாதன் அதை வாங்கி ஸ்லைடை இழுத்துப் பார்த்தார். நடுவில் நின்றது. முகம் சுருங்கியது.

"என்ன சூசை, இதப் போயி வாங்கியிருக்கீங்க? ஆம்புரோஸோடதத்தான் நீங்க கொண்டாருவீங்கன்னு நெனச்சேன்."

"அது வேற எடத்துக்குப் போயிருச்சுண்ணே."

"அப்படியா?" சொக்கநாதனால் நம்ப முடியவில்லை. "போன மாசம் அந்தம்மா அவரோட பாக்கிச் சம்பளத்த வாங்க இங்க வந்துச்சு. உங்களக் கூப்பிடச் சொன்னதே அதுதானே. அவரு நாற்காலியில வேற யாரையும் உக்கார வைக்காதீங்க, சூசையண்ணன உக்கார வைங்கன்னுச்சு. டிராம்போனுக்கு வழியில்லன்னா எங்கிட்ட வந்து அவரோடதக் கேக்கச் சொல்லுங்க, கொடுக்கற காசக் கொடுக்கட்டும், மிச்சத்த மெதுவாப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போச்சு. நாந்தான் உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன். நீங்க கேக்கலியா?"

சூசைநாதன் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தான்.

"கேட்டேன்ணே" என்றான். "கேட்ட விதந்தான் சரியில்ல."

சொக்கநாதனுக்குப் புரியவில்லை. மற்றவர்கள் காத்திருந்தார்கள், அவர் பியானோவுக்குத் திரும்பினார். சூசைநாதன் ஆம்புரோஸின் நாற்காலியில் உட்கார்ந்து டிராம்போனை உதட்டில் வைத்தான். பாட்டு தொடங்கியது. ஸ்லைடு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது. ஒவ்வொரு முறையும் அவன் அதைத் தள்ளி வாசித்தான்.