ஜிங்க்ஸ்: ஓர் உதாரணம்

அகராதி அலுவலகத்தில் புரூஃப் பார்ப்பவருக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவர் நிரந்தரமா, நடையைக் கட்ட வேண்டியதா என்பதைப் பதிப்பாசிரியர் அன்று சொல்வார். புதன்கிழமை காலை அவர் மேஜைக்கு வந்த அட்டைக்கட்டில் முதல் அட்டை இப்படி இருந்தது:

"ஜிங்க்ஸ்: பேச்சு வழக்கு. கெட்ட நேரத்தைக் கூடவே கூட்டிவரும் ஆள் அல்லது பொருள், ராசி கெட்டது. உதாரணம்: அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை, ஆள் ஒரு ஜிங்க்ஸ்."

எழுதியவர் எதிர் மேஜை உதாரணத்தம்மா. கண்ணில் படுகிறவர்களையெல்லாம் வாக்கியமாக்கிவிடுவது அவர் பழக்கம். 'கஞ்சன்' என்ற சொல்லுக்கு உதாரணமாகப் பதிப்பாசிரியரையே எழுதினார். அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்த பதிப்பாசிரியருக்கு அது யார் என்று இன்றுவரை தெரியாது.

புரூஃப்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. லிஃப்ட் நின்றது, மின்விசிறி நின்றது, பதிப்பாசிரியர் படியில் சறுக்கிக் கணுக்கால் பிசகியது, எல்லாம் அவர் தலையில்தான் விடிந்தது. ஆமை புகுந்த வீடு என்று காதுபடவே பேசினார்கள். அதைவிடக் கொடுமை, அவரே பாதி நம்பினார். முன்பு வேலை பார்த்த இரண்டு அச்சகங்களும் அவர் சேர்ந்த வருடத்திலேயே மூடப்பட்டிருந்தன.

மனைவி மட்டும் இதை ஒப்புக்கொண்டதே இல்லை. "மூடப் போற கடைதான் குறைஞ்ச சம்பளத்துக்கு ஆள் தேடும். உங்களுக்கு அங்கதான் வேலை கிடைச்சுது. இதுல ராசி எங்க வந்துச்சு?" என்பாள்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. உதாரண வாக்கியத்தில் புரூஃப்காரர் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. தகவல் தவறென்றால், ஆதாரத்தோடு ஒரு கேள்விச் சீட்டு ஒட்டலாம். ஆறுகளின் நீளத்துக்கும் அரசர்களின் ஆண்டுக்கும் அவர் ஒட்டியிருக்கிறார். தனக்காக ஒட்ட இப்போதுதான் நேரம் வந்தது.

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் படியிறங்கிப் போய்க் காவலாளியின் பதிவேட்டைப் புரட்டினார். லிஃப்ட் நின்றது மூன்றாம் தேதி. அவர் சேர்ந்தது அதே மாதம் ஐந்தாம் தேதி. மின்விசிறியின் இறக்கையில், 'காயில் எரிஞ்சு போச்சு' என்று மெக்கானிக் எழுதிய தேதி அதற்கும் முந்தைய மாதம். பதிப்பாசிரியரின் கணுக்கால் பிசகிய அன்று புரூஃப்காரர் விடுப்பில் இருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை. பழம் விழுந்த பிறகுதான் காக்கையே வந்திருக்கிறது. மூன்றையும் எழுதிச் சீட்டை ஒட்டினார். அவசரத்தில் பசை சட்டையிலும் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பதிப்பாசிரியர் சீட்டை இரண்டு முறை படித்தார். யோசிப்பதற்காகப் பின்னால் சாய்ந்தார். நாற்காலிக்கால் மடேரென்று ஒடிந்து, மனிதர் தரையில் உட்கார்ந்திருந்தார். அறை முழுதும் புரூஃப்காரரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அவருடைய தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"சார், புது நாற்காலி கேட்டு நீங்க எழுதின கடிதத்துக்கு நான்தான் புரூஃப் பார்த்தேன். 'ஓராண்டாக ஆடுகிறது'ன்னு அதுல இருக்கு. நான் வந்து ஆறு மாசம்தான் ஆகுது."

பதிப்பாசிரியர் தரையிலிருந்தபடியே பேனா கேட்டு, நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் அவரைத் தூக்கிவிட்டார்கள்.

உதாரணத்தம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாக்கியத்தைத் திருத்தினார்: "அவரை ஜிங்க்ஸ் என்றார்கள், லிஃப்ட் அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே நின்றிருந்தது."

அந்தப் பக்கம் அச்சாகி வந்ததும் புரூஃப்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதைத்தான் இத்தனை நாளா நான் சொன்னேன். பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்டீங்க, அச்சுல வந்தாதான் நம்புவீங்க."

அவள் சொன்னதை அவர் மனதுக்குள் புரூஃப் பார்த்தார். அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.