காலருக்குள் வேதாசலம்

ஆயுத பூஜைக் காலையில், சனத்நகர்ப் பட்டறையின் தையல் இயந்திரங்கள் பொட்டிட்டுக்கொண்டு வரிசையில் நின்றன. கத்தரிக்குச் சந்தனம், சுத்தியலுக்குக் குங்குமம், மின்விசிறி சுவிட்சுக்குக்கூட ஒரு சாமந்திப்பூ. தோல் மட்டும் வெளியேறியது. முதலாளியின் மனைவி திரிபுரசுந்தரி வாசலில் நின்று கைகாட்ட, தைத்து முடித்த ஜாக்கெட்டுகளும் தைக்காத சுருள்களும் பின்புறத் தகரக் கொட்டகைக்குப் போயின. ஆண்டுதோறும் நடப்பதுதான். தோலைத் தைத்து உலை வைக்கும் கூடம், தெய்வம் வரும் அரை நாளுக்குத் தோலை அறியாததுபோல் முகம் திருப்பிக்கொள்ளும்.

தையல் பிரிவை மேற்பார்க்கும் மங்கையர்க்கரசி, ஒரே ஒரு ஜாக்கெட்டை மட்டும் கொட்டகைக்கு அனுப்பாமல் மார்போடு அணைத்து நின்றாள். புதிய 'பாரம்பரிய' வரிசையின் முதல் ஜாக்கெட் அது. அதை விற்பதற்கு முதலாளி லக்ஷ்மிநாராயணனுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. தன் அப்பாவின் கதையை அவள் கொடுத்தாள். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றே தேய்ந்த ஆயுள் அது. விளம்பரத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அழகாக அச்சேறின. சுண்ணாம்பு அரித்த விரல்கள் ஏறவில்லை. பதிலுக்கு அவள் கேட்டது இதுதான்: காலருக்குள் தைக்கும் லேபிளில் அப்பாவின் பெயர் இருக்க வேண்டும், அந்த ஜாக்கெட் பூஜை மேசையில் இருக்க வேண்டும். "ஹவ், வெச்சுடலாம்" என்று அவரும் வாக்களித்திருந்தார்.

வேதாசலம்! உயிரோடிருந்தவரை அந்தப் பெயரை வீதியில் உச்சரித்தவர் யார்? தொட்டி முதலாளிக்கு அவர் ஒரு 'டேய்'. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு அவர் ஒரு நாற்றம். ஊருக்கு அவர் ஒரு சாதி. மனிதனாக அவரை யார் கூப்பிட்டார்கள்?

"இன்னா சார், மேசையில எடம் இல்லியா?" என்றாள்.

"அரே மங்கை, நான் வாக்குக் குடுத்தது நெஜம்தான். ஆனா அது தோலாச்சேம்மா. பூஜை பண்ற பந்துலு ஒத்துக்க மாட்டார்."

"அதோ அந்தத் தவில்ல கட்டிக்கீறது இன்னா சார்? வாழையெலையா?"

மூலையில் உட்கார்ந்திருந்த தவில்காரர் சிரிப்பை விழுங்கினார்.

"அது வாத்தியம்" என்றாள் திரிபுரசுந்தரி. "நல்ல நாளும் அதுவுமா விதண்டாவாதம் பண்ணாதே."

லக்ஷ்மிநாராயணனின் முகம் திடீரென மலர்ந்தது. "அரே, எதுக்கு சண்டை? லேபிள் துணிதானே! அதைப் பிரிச்சுக் குடு. உங்கப்பா பேரை அம்பாள் காலடியிலேயே வெக்கறேன். ஜாக்கெட் மட்டும் கொட்டகைக்குப் போகட்டும்." மேசையிலிருந்து, குங்குமப் பொட்டு வைத்த சிறு கத்தரியை எடுத்து நீட்டினார். பெரிய உபகாரம் செய்துவிட்ட நிறைவு அவர் கண்களில் ததும்பியது.

அவள் கத்தரியைப் பார்த்தாள். பெயர் உள்ளே வரலாம்; அந்தப் பெயரைச் சுமந்தவர் ஆயுளெல்லாம் கழுவிய தோல் வரக்கூடாது. உழைப்பை உரித்து எறிந்துவிட்டு எழுத்தை மட்டும் கும்பிடுவார்களாம். அதற்குப் பாரம்பரியம் என்று பெயராம்.

"பிரிக்க மாட்டேன் சார்."

புடவையின்மேல் ஜாக்கெட்டை அணிந்தாள். கழுத்துவரை ஜிப்பை இழுத்துப் பூட்டினாள். நேராகப் போய்த் தன் இயந்திரத்தின் அருகே நின்றுகொண்டாள்.

"நக்கோ மங்கை, வேணாம், கழட்டிடும்மா..." முதலாளியின் குரல் பாதியில் தேய்ந்தது. யாரும் அவளைத் தொட்டுக் கழற்ற முன்வரவில்லை. அதற்குள் மந்திரம் முடிந்து, பந்துலு ஆரத்தித் தட்டோடு இயந்திரம் இயந்திரமாக வரத் தொடங்கியிருந்தார்.

அவளுக்கு ஓரடி முன்னால் அவர் நின்றுவிட்டார். தவிலும் நின்றது. பந்துலு முதலாளியைப் பார்த்தார். முதலாளி மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். பக்கத்து இயந்திரத்து நாகம்மா, ஆரத்தியை ஒற்றிக்கொள்ள நீட்டிய கைகளை மடக்கவுமில்லை, முன்னே கொண்டுபோகவுமில்லை. மங்கையர்க்கரசியின் பிடரியிலிருந்து வியர்வை வழிந்து காலருக்குள் இறங்கியது. தட்டில் கற்பூரம் நீலமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.