மஞ்சள் விளக்கில் பார்த்த சட்டை

தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்றுதான் சண்முகப்பிரியா முதலில் நினைத்தாள். சேலத்தில் சிறை வாசலில், உச்சி வெயிலில் நின்ற அவள் கணவன் குணசீலன் தலைமுதல் கால்வரை கருப்பு வெள்ளையாக இருந்தார். உடம்பு சாம்பல், உதடு அதைவிடக் கொஞ்சம் அழுத்தமான சாம்பல். அவள் கொண்டுபோயிருந்த நீலச் சட்டையும் அவர் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் வெளிறிவிட்டது. கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. தன் கண்ணாடி வளையல் பச்சையாகவே இருப்பதையும் பார்த்துக்கொண்டாள். ஆள் வந்துவிட்டார், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று பேருந்து ஏறினாள். நடத்துனர் இரண்டு பேருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

இளம்பிள்ளையில் எல்லோருக்கும் காரணம் தெரியும். ஜரிகை வியாபாரி ஒருவர் தெருவில் குத்துப்பட்டுச் செத்த அன்று, ஓடியவன் செங்கல் நிறச் சட்டை போட்டிருந்தான் என்று சாயப்பட்டறை சுவாமிநாதன் சாட்சி சொன்னார். அந்தத் தெருவில் அந்த நிறச் சட்டை குணசீலனிடம்தான் இருந்தது. தீபாவளிக்குச் சண்முகப்பிரியா எடுத்துக் கொடுத்தது. சுவாமிநாதன் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் அவர் பார்த்தது பொழுது சாய்ந்தபின், தெருமுனையில் அப்போதிருந்த மஞ்சள் விளக்கின் கீழே. அந்த வெளிச்சத்தில் எந்த நிறமும் தன் நிறமாக இருக்காது என்பதால் விளக்கு போட்டபின் ஊரில் யாரும் நூலுக்கு நிறம் பார்ப்பதில்லை, சுவாமிநாதன் உட்பட. நூலுக்குக் காட்டிய நிதானத்தை ஆளுக்குக் காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. சண்முகப்பிரியா மட்டும் அதைச் சொல்லிப் பார்த்தாள். பெண்டாட்டி வேறென்ன சொல்லுவாள் என்றார்கள். கோர்ட்டில் கூண்டேறிச் சுவாமிநாதன் விரலை நீட்டியபோது குணசீலனின் காது மடலில் தொடங்கி நிறம் இறங்கிப் போனதாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். சில வருடம் கழித்து, வேறொரு கொலையில் திருச்செங்கோட்டில் பிடிபட்டவன் இதையும் ஒப்புக்கொண்டு, புதைத்து வைத்த கத்தியை எடுத்துக் கொடுத்தான். அன்று அவன் போட்டிருந்தது பச்சைச் சட்டை.

குணசீலன் பழையபடி தறி ஓட்டினார். டீக்கடையில், "ஏனப்பா, உன்னயப் பாத்தா எங்கூட்டுப் பழைய டிவிப் பொட்டியாட்டம் இருக்குது" என்றால், "தலையில ஒரு தட்டுத் தட்டிப் பாரு, படம் தெளியும்" என்று சிரித்தார். சிரிக்கும்போது அவருடைய சாம்பல் கொஞ்சம் வெளுக்கும், பசித்தால் கறுக்கும். அவள் அதையெல்லாம் படித்துக்கொண்டாள். அவர் கழுத்தில் இருந்த சிவப்பு மச்சத்தை மட்டும் சில சமயம் மனம் தேடியது. நிறம் திரும்ப வேண்டாமா என்று ஒருநாள் துணிந்து கேட்டும் பார்த்தாள்.

"நெறம் இருந்தப்பத்தான புள்ள என்னயப் புடிச்சுட்டுப் போனாங்க" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள்.

இந்தத் தை மாதத்தில் சுவாமிநாதன் வீட்டுக்கு வந்தார். அவரிடம் சாயம் போட இப்போது அதிகம் பேர் நூல் கொடுப்பதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அம்மிணி, அவன்கிட்டக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. ஒருக்கா எம் பட்டறைக்கு அனுப்பி வையி. பழைய நெறத்தையே ஏத்தித் தாரேன், மயிரிழ மாறாது. அவன் இப்படியே நடந்தான்னா ஊரு என்னயத்தான பாக்குது" என்றார்.

அவரால் முடியும் என்பது அவளுக்குத் தெரியும். மச்சம் ஒரு கணம் கண்முன் வந்து நின்றது. தறிக்கூடத்தில் குணசீலன் யாரிடமோ போனில் பேசிச் சிரிப்பது தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வெளுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். காப்பித் தம்ளரை எடுத்து வந்து சுவாமிநாதன் கையில் கொடுத்தாள்.

"ஆறிப் போயிரும், குடிங்கண்ணா. ஊட்டுக்கு வந்துட்டாருங்க, எனக்கு அது போதும். அவரு இப்படியே இருக்கட்டும்."