இரண்டாம் பாகத்தில் இரண்டு பேர்

அட்டை கோத்துக்கொண்டிருந்த மருதம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். பேக்கிங்கில் இருபது பேர், இரண்டு நாளாக அதே பனியன், அதே கார். ஒருத்திக்கும் உறைக்கவில்லை. பனியனில் தொங்கவிட வேண்டிய அட்டைக்கட்டு அன்று காலையில்தான் வெளிநாட்டிலிருந்து கூரியரில் வந்து இறங்கியிருந்தது. மருதம்மாள் அட்டையையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கமாக வந்த பூங்குழலியை நிறுத்தினாள்.

"அம்மிணி, அட்டையில காருக்குள்ள ரெண்டு பேரு உக்காந்திருக்கறாங்க. பனியன்ல ஒருத்தன்தானுங்களே இருக்கறான்?"

பூங்குழலி அட்டையை வாங்கிப் பார்த்தாள். கடலோரச் சாலை, சிவப்புக் கார், ஓட்டுகிறவன், அவன் பக்கத்தில் தலையில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண். பனியனிலும் அதே சாலைதான், அதே கார்தான், அதே ஆள்தான். பெண்ணை மட்டும் காணோம். அவள் இருக்க வேண்டிய ஸீட் பழுப்பு நிறத்தில், துடைத்து வைத்தாற்போல் கிடந்தது.

அது ஒரு விளையாட்டின் படம். 'ஹார்பர் ரேலி' என்று, முப்பது வருடங்களுக்கு முன்பு வெளிநாட்டுக் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டியில் வந்த கார்ப் பந்தயம். அதன் இரண்டாம் பாகம்தான் பேர்போனதாம். அதை ஆடி வளர்ந்த ஆட்களுக்கு இப்போது காதோரம் நரைத்திருக்கும். அவர்களை நம்பித்தான் பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர், நாலாயிரத்து எண்ணூறு பனியன் போடச் சொல்லியிருந்தார். படத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியிடம் முறைப்படி அனுமதியும் வாங்கியிருந்தார். நிறங்களைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் கொடுத்த படத்தில் ஒரு புள்ளி மாறக் கூடாது என்று மெயிலில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். இதற்கு மேல் எப்படிச் சொல்வார்கள், வந்து காதில் ஓதுவார்களா?

படம் போடுகிற எந்தப் பனியனுக்கும் முதலில் ஒரு துண்டுத் துணியில் அடித்துக் காட்டுவார்கள். கம்பெனிப் பேச்சில் அது ஸ்ட்ரைக் ஆஃப். பையர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மற்றதெல்லாம். இந்தத் தடவை நாள் நெருக்கடி. நீங்களே எங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள் என்று பையர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவள் பூங்குழலி. பார்த்தாளா? எங்கே பார்த்தாள்! அடித்துக் கொண்டுவந்து நீட்டியது அவள் வீட்டுக்காரன் பிரதீப் ஆயிற்றே.

பிரதீப் பல்லடம் ரோட்டில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மையை இறக்குகிற வலைச் சட்டம், தயார் செய்து கொடுப்பது அவன் வேலை. இவள் மெர்ச்சண்டைசர். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற உத்தியோகம். ஆனாலும் அது லேசில் வந்ததில்லை. இதே கம்பெனியில் பிசிறு நூல் வெட்ட வந்தவள் அவள். தபாலில் படித்து, கம்ப்யூட்டர் பழகி, ஒன்பது வருடம் கழித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். போன தை மாதம் லேபிள் மாறிப்போன விஷயத்தில் முதலாளி தனபால் தெளிவாகச் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பழையபடி செக்கிங் டேபிளுக்குப் போக வேண்டியதுதான்.

மாடிப்படி அடியில் நின்று பிரதீப்புக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தான்.

"அந்தப் பொண்ணா? அவிய படத்துல தப்பு புள்ள, நான்தான் சரியான படத்த மாத்தி வெச்சுட்டேன். ரெண்டாம் பார்ட்ல ஒரே ஆளுதான். எங்க மாமா ஊட்டுல நானே நூறு தடவ ஓட்டியிருக்கறேன்."

விஷயம் இதுதான். சாமளாபுரத்தில் அவன் மாமா வீட்டு டிவியில் கேசட் சொருகி ஆடுகிற பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஹார்பர் ரேலி இரண்டாம் பாகம் இருந்தது. அதில் கார் ஓட்டுகிறவன் தனியாகத்தான் போவான். பையர் அனுப்பிய படமோ மங்கலாக இருந்தது, பதினாலு நிறம் வேறு. யூனிட்டில் எட்டுக்கு மேல் அடிக்க முடியாது. பிரதீப் நெட்டில் தேடினான். தான் ஆடின அதே படம், கண்ணாடி போலத் தெளிவாக, கணக்காக எட்டே நிறத்தில் கிடைத்தது. பையர் ஆபீஸில் எவனோ தெரியாமல் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டான் என்று நினைத்து, தப்பைத் திருத்திக் கொடுத்திருக்கிறான் மகராசன். அவளுக்குத் தலைக்கு மேல் வேலை, இதை வேறு சொல்வானேன் என்று சொல்லவும் இல்லை.

பூங்குழலிக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

மாடியேறித் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அந்த விளையாட்டைப் பற்றி ஒரு வீடியோவைப் போட்டாள். ஒரு வெள்ளைக்காரர் அரை மணி நேரம் அதையே பேசினார். கடையில் இருந்த பெரிய பெட்டிக்கு இருந்த சக்தி வீட்டுப் பெட்டிகளுக்குக் கிடையாது. அதனால் வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்திருக்கிறார்கள். ஒரு பெட்டியில் கடல் போய்விட்டது. ஒன்றில் எதிரே வரும் வண்டிகளில் பாதியைக் காணோம். மூன்றாவதில் பக்கத்து ஸீட்டுப் பெண் போய்விட்டாள். அதுதான் பிரதீப் ஆடியது. பாவம், அவனுக்கு அதுதான் அசல். கீழே கருத்துகளில் ஆட்கள் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை எடுத்தவனை மன்னிக்கவே மாட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு இரண்டாயிரம் பேர் லைக் போட்டிருந்தார்கள்.

அந்த இரண்டாயிரத்தைப் பார்த்ததும் அவள் வீடியோவை நிறுத்தினாள். இந்தப் பனியனை வாங்கப் போகிறவர்களே அவர்கள்தானே?

கீழே டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூடுகிற பெட்டிகளை அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நாளைக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் அளவு பார்ப்பார், தையல் பார்ப்பார், ஓட்டை பார்ப்பார், ஆள் கணக்கா எடுப்பார்? மூன்றாம் நாள் கண்டெய்னர் கிளம்பிவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? மருதம்மாளிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். தண்ணீர் குடித்தாள், பாத்ரூம் போனாள், வந்து மறுபடி தண்ணீர் குடித்தாள். இருப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து தனபாலின் அறைக்குள் போனாள்.

அட்டையையும் பனியனையும் மேசைமேல் வைத்து, யார் மாற்றியது என்பதை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னாள். தனபால் கத்துகிற ஆளில்லை. கத்தினால்கூடத் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"படத்த மாத்துனது யாரும்மா?"

பிரதீப் பேரைச் சொன்னால் அவ்வளவுதான். அந்த யூனிட்டுக்குப் பாதி வேலை இந்தக் கம்பெனியில் இருந்துதான் போகிறது. தனபால் ஒரு போன் போட்டால் சாயங்காலமே அவனைக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

"நாந்தானுங்க சார். தப்பான ஃபைல அனுப்பிப்போட்டேன்."

தனபால் அவளையே பார்த்தார். பேக்கிங்கை நிறுத்தச் சொன்னார். பையருக்கு உள்ளது உள்ளபடி மெயில் போடச் சொன்னார். அவளுடைய உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

பையர் ஊரில் ஆபீஸ் திறக்க நம் ஊரில் பன்னிரண்டரை ஆகும். பதில் ஒரு மணிக்கு வந்தது. அந்தப் பெண் இல்லாத படத்துக்கு அனுமதி இல்லை. இப்படியே அனுப்பினால் வாங்க மாட்டோம். சரி செய்ய வழி இருந்தால், திருத்திய பனியனில் ஒன்றை, எங்கள் படத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு, உங்கள் நேரம் ஆறு மணிக்குள் போட்டோ அனுப்புங்கள். இல்லையென்றால் ஆர்டர் ரத்து.

தைத்து முடித்த பனியனில் ஒரு ஆளை எப்படி உட்கார வைப்பது? பூங்குழலி போன் போட்டுக் கேட்டபோது வழி சொன்னவன் பிரதீப்தான். பனியனைப் பலகையில் மாட்டி, காலி ஸீட்டின் மேல் முதலில் வெள்ளை, அதன்மேல் முகம், அதன்மேல் ஸ்கார்ஃப் என்று மூன்று ஸ்கிரீன் அடிக்கலாம் என்றான். ராப்பகலாக அடித்தால் கண்டெய்னருக்குள் முடித்துவிடலாமாம். தனபால் பத்துப் பனியன்களைக் காரில் போட்டுக்கொண்டு, பூங்குழலியையும் ஏற்றிக்கொண்டு பல்லடம் ரோட்டுக்குப் போனார். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

யூனிட்டில் பிரதீப் ஸ்கிரீன்களைத் தயார் செய்துவிட்டிருந்தான். முதல் பனியன் மேசையில் ஏறியது. வெள்ளை விழுந்தது, காய்ந்தது. முகம் விழுந்தது. தனபால் குனிந்து பார்த்தார். காலையிலிருந்து இறுகியிருந்த முகம் கொஞ்சம் இளகியது.

"வேலைக்காரன்யா நீ" என்று பிரதீப்பின் தோளில் தட்டினார். பூங்குழலியின் பக்கம் திரும்பாமலே, "ஒருத்தர் கெடுத்தத இன்னொருத்தர் சரி பண்ண வேண்டியிருக்குது" என்றார்.

பூங்குழலி தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொன்னது அவள்தான், அதனால் பேச முடியாது. ஆனால் அவன் இருக்கிறானே! பாராட்டு வாங்கிக்கொண்டு, கையில் ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே! வேலை போனாலும் போகட்டும், இவன் இப்படியே நின்றுவிட்டால் அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பிரதீப் ஸ்கிரீனைக் கீழே வைத்தான்.

"கெடுத்ததும் நாந்தானுங்க சார்" என்றான். "அவ சரியான படத்தத்தானுங்க அனுப்புனா. நான்தான் தப்புன்னு நெனச்சு மாத்திப்போட்டேன். அவளுக்குத் தெரியாதுங்க."

மேசையைச் சுற்றி நின்ற ஆட்கள் கையை நிறுத்திவிட்டார்கள். தனபால் இரண்டு பேரையும் பார்த்தார்.

"அவன் மாத்துனது ஒரு தப்பு. கையெழுத்து உன்றதுதானம்மா? பாக்காம எப்படிப் போட்ட?"

"பாத்தனுங்க சார். யாரு கொண்டாந்தாங்கன்னு பாத்தேன். படத்தப் பாக்குலீங்க."

தனபால் கடிகாரத்தைப் பார்த்தார். முதலில் ஆறு மணியைப் பார்ப்போம், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

ஐந்தேகால் மணிக்கு முதல் பனியன் முடிந்து வந்தது. சுற்றி நின்றவர்கள் அசந்துபோனார்கள். பின்னால் ஒட்டிச் சேர்த்த ஆள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. தனபால் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். பூங்குழலி பையரின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தாள். அதைப் பனியனுக்குப் பக்கத்தில் விரித்தாள். மேலிருந்து கீழே விரலை வைத்து நகர்த்தினாள். கார் விளக்கு, சக்கரம், நெற்றி, மூக்கு, தோள். விரல் ஒரு இடத்தில் நின்றது. பையர் படத்தில் அந்த ஸ்கார்ஃபின் முனை காற்றில் பறந்து காருக்கு வெளியே நீண்டிருந்தது. பனியனில் அது கழுத்தோடு முடிந்திருந்தது.

"இது எங்கீங்க?" என்றாள்.

பிரதீப் விளக்கினான். அந்த முனை கடல்மேல் விழுகிறது. ஏற்கெனவே அங்கே மை இருக்கிறது. அதன்மேல் இன்னொரு மை ஏறினால் தொட்டால் தடிப்பாக இருக்கும். அதனால்தான் அழகாக வெட்டிவிட்டான். நல்லதுக்குத்தான் செய்தான். அவன் எதைத்தான் கெட்டதுக்குச் செய்திருக்கிறான்?

"போடும்மா, நேரமாச்சு" என்றார் தனபால். "அந்த நுனியையா பாக்கப் போறாங்க?"

நாற்பது நிமிடம்தான் இருந்தது. மறுபடி ஸ்கிரீன் எடுத்து, அடித்து, காய வைத்து, போட்டோ அனுப்ப அது போதுமா என்று யாருக்கும் தெரியாது. போதாவிட்டால் ஆர்டர் போய்விடும், அவள் வேலையும் போய்விடும், அதற்கு முழுக்க முழுக்க அவள் ஒருத்திதான் காரணம் என்று ஆகிவிடும். பேனாவை மூடி தனபாலிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இல்லீங்க சார். இன்னொருக்கா எடுக்கோணும்."

பிரதீப் அவளைப் பார்த்தான். கட்டின நாளிலிருந்து அவன் செய்ததை அவள் வேண்டாம் என்றதில்லை.

"என்ற மேல நம்பிக்க இல்லியா புள்ள?" என்று மெதுவாகக் கேட்டான்.

"உங்க மேல இருக்குதுங்க" என்றாள் பூங்குழலி. "அத வெச்சு இனிக் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

அவன் மூன்றாவது ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். யாரோ லைட்டைப் போட்டார்கள். தனபால் கடிகாரத்தையும் கதவையும் பார்த்துக்கொண்டே நடந்தார். பூங்குழலி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து ஐம்பதுக்கு இரண்டாவது பனியன் சூட்டோடு சூடாக வந்தது. அவள் அப்போதும் அவசரப்படவில்லை. மேலிருந்து ஆரம்பித்து, விளக்கு, சக்கரம், நெற்றி, மூக்கு, தோள் என்று விரலை நகர்த்திக்கொண்டு வந்தாள். எதிரே பிரதீப் மை படிந்த கையோடு, மூச்சு வாங்க நின்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கார்ஃபின் முனைவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைக் கேட்டாள்.