மூன்று தாவினால் என்ன அர்த்தம்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. போன ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் பினாக்கிள் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, என் வலப்பக்கத்து நாற்காலியிலிருந்து வந்து விழுந்தது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. இன்னும் அடங்கவில்லை. சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: "மிசௌரி ஆறு உறைந்து கிடந்த ஒரு பிற்பகலில்..." [வேண்டாம். ஆறு என்ன பாவம் செய்தது?]

இரண்டாவது: "டெல்மர் ஃபெட்டிக் நல்ல மனிதர்." இது நிஜம், இருக்கட்டும். பனி கொட்டினால் தன் வாசலை விட்டுவிட்டு முதலில் எங்கள் வாசல் பனியைத் தள்ளிக்கொடுப்பவர். அன்று என் இடப்பக்கம் அவர், வலப்பக்கம் அவர் மனைவி அர்லிஸ். எனக்கு நேர் எதிரே என் கணவர் மைரன்.

2.

எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு ஜோடி. சீட்டைப் போட்டதும் ஏலம்: எங்கள் ஜோடி இத்தனை புள்ளி எடுக்கும் என்று ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போகவேண்டும். கையில் இருப்பதைக் கூட்டாளிக்கு வாயால் சொல்லக் கூடாது, கண் ஜாடையும் ஆகாது. கேட்கிற எண்தான் பேச்சு. சாதாரணமாக ஒவ்வொன்றாகக் கூட்டுவோம். ஒரேயடியாக இரண்டு தாவினால், "என்னிடம் ஏஸ் நிறைய" என்று ஊருக்கே தெரியும்.

மூன்று யாரும் தாவுவதில்லை. [யாரும் என்பது பொய். பிறகு திருத்துகிறேன்.]

3.

"இருபத்தொண்ணு" என்றார் மைரன்.

அர்லிஸ் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருபத்திநாலு" என்றாள்.

நான் "பாஸ்" என்றேன். என் கைச்சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. டெல்மருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. இரண்டுக்கே ஏஸ் என்றால் மூன்றுக்குக் கேட்கவேண்டுமா?

"முப்பது! யாராவது கேக்குறீங்களா? மைரன், என்னப்பா, வாயில கொழுக்கட்டையா?"

மற்ற நாளாயிருந்தால் மைரன் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று சூப்* கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு, பாஸ் என்று தலையை ஆட்டினார்.

ஆடினோம். அர்லிஸ் கையில் ஒரு ஏஸ்கூட இல்லை. எல்லாம் ராஜா ராணி ஜோடிகள். [இந்த ஆட்டத்தில் அந்த ஜோடிக்குக் கல்யாணம் என்றே பெயர். அதை வைத்து ஒரு வரி எழுதினேன். மலிவாக இருந்தது, அடித்துவிட்டேன்.] அவர்கள் முப்பதை எட்டவே இல்லை.

"என்ன அர்லிஸ் இது? ஏஸ் எங்க?"

"ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டேன். விடேன்."

"என்ன ஞாபகம்?"

"சீட்டைக் குலுக்கு டெல்மர். எல்லாரும் காத்திருக்காங்க."

* மாவு உருண்டையும் உருளைக்கிழங்கும் போட்டது. மைரன் எப்போதும் இரண்டாவது கிண்ணம் கேட்பார். அன்று முதலாவதே மீந்தது.

4.

திருத்தம். மூன்று தாவினால் ஓர் அர்த்தம் உண்டு: "என்னிடம் ஏஸ் இல்லை, ஜோடிகள் இருக்கின்றன." அதைக் கண்டுபிடித்தவள் நான். எங்கள் சமையலறையில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, மைரனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தேன். உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று ஞாயிறு வரை நினைத்திருந்தேன்.

சும்மா காதில் விழுந்தால் போதாது. யோசிக்காமல் வாயில் வரவேண்டுமானால், அதே ஆளுக்கு எதிரே எத்தனையோ முறை உட்கார்ந்து ஆடியிருக்கவேண்டும். ஏலத்துக்கு நான்கு பேர் வேண்டும். அப்படியானால் மைரனும் அர்லிஸும் எங்கே, யார் முன்னால், ஜோடி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்கள்? ஆற்றைக் கடந்து பிஸ்மார்க் நகரில் ஒரு...

[முடியவில்லை.]

அவளுக்கு மோதிரம் வாங்கிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. என்னுடையதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

5.

முதல் முடிவு: சூப்பை மைரன் தலையில் கவிழ்க்கிறேன். [ஆசைதான். நடக்கவில்லை.]

இன்னொரு முடிவு: அர்லிஸ் நல்லதாக ஒரு விளக்கம் சொல்கிறாள், நால்வரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். [எழுதிப் பார்த்தேன். எழுதியவளுக்கே நம்பிக்கை வரவில்லை.]

நடந்தது இதுதான். டெல்மர் சீட்டைக் குலுக்கவில்லை.

"நான் ஒரு மக்கு. இத்தனை காலம் ஆடியும் புரியல. மூணு தாவுனா என்ன அர்த்தம்? யாராவது சொல்லுங்கப்பா" என்றார்.

எங்கள் மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணுக்கு அர்த்தம் என்ன என்று ஒருவர் கேட்டுவிட்டால், தெரிந்தவர் மறைக்கக் கூடாது. மைரன் ஆறிப்போன சூப்பைக் கலக்கினார். அர்லிஸ் மேசை விரிப்பை நீவினாள்.

டெல்மர் என் பக்கம் திரும்பினார். "லவோன், உனக்குத் தெரியுமாம்மா?"

சொன்னால் அவர் குடும்பம் உடையும். சொல்லாவிட்டால், தான்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டே அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை.

அர்த்தம் இப்போது உங்களுக்கும் தெரியும். தெரிந்தவர் மறைக்கக் கூடாது. டெல்மர் உங்களைத்தான் பார்க்கிறார்.