குடும்பத்தின் மொத்தக் கடன்

டோக்கன் எழுபத்திமூன்று வர இன்னும் பத்தொன்பது பேர், ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் ஐம்பத்தேழு நிமிடம், ஆனால் மூன்று நிமிடத்தில் யார் முடிக்கிறார்கள், அந்தச் சிவப்புப் பைக்காரி மட்டுமே கவுன்ட்டரில் பத்து நிமிடமாக நிற்கிறாள், ஆக ஒன்றரை மணி நேரம், ஆக ரத்தப் பரிசோதனை செய்முறை வகுப்பு போனது, ஆக வருகைப் பதிவு எண்பத்தொன்றிலிருந்து எண்பதுக்கு இறங்கும், எண்பதுக்குக் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்... பரீட்சைக் கட்டணம் கட்டாவிட்டாலும் விடமாட்டார்கள், அதற்காகத்தான் கல்லூரியின் கட்டண அலுவலகத்தில் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வயது முப்பத்திரண்டு. லேப் டெக்னீஷியன் படிப்பு, இரண்டாம் வருடம். கூடப் படிக்கிறவர்கள் அக்கா என்பார்கள், ஒருத்தி தவறிப்போய் ஒருநாள் மிஸ் என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாற்காலிக்கு அடியில் நாலரை வயது மகள், வீட்டில் வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள், காத்திருப்பவர்களின் செருப்புகளை எண்ணிக்கொண்டே ஊர்ந்துபோகிறாள், பதினாலுக்கு அப்புறம் நேராக இருபதுக்குத் தாவிவிடுகிறாள், திருத்தணும், இப்போது வேண்டாம்.

வாலு இங்கே இருந்திருக்கவே கூடாது. காலை எட்டரைக்குக் காப்பகத்து வாசலில் விட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் அங்கே நடத்துகிற அக்கா பின்னாலேயே வந்தாள், மற்ற அம்மாக்கள் காதில் விழக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க, ரெண்டு மாசப் பணம் நிக்குது, கட்டிட்டுக் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். தப்பா நினைக்காதீங்க என்பவளிடம் என்ன சொல்வது. சரிக்கா என்று தலையாட்டிவிட்டுக் குழந்தையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள், பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது... நிக்குதா, எப்படி நிக்கும், போன மாதமும் கொடுத்தாயிற்று, அதற்கு முந்தின மாதமும் கொடுத்தாயிற்று, இரண்டு முறையும் தேதி ஐந்து, கவருக்குள் வைத்துப் புருஷன் கையில் கொடுத்தாள், அவன்தான் மத்தியானம் குழந்தையைக் கூப்பிடப் போகிறவன், சாயங்காலம் வந்து "கட்டியாச்சு" என்றான், இவள் நோட்டில் டிக் அடித்தாள்.

நோட்டு என்றால் நோட்டு. நீல அட்டை, இருநூறு பக்கம், வாடகை, பால், மின்சாரம், பேருந்து, காப்பகம், அவனுடைய முட்டிவலி மாத்திரை, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம், ஒரு சோப்பு கூட அந்த நோட்டுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வராது. அவன் கேலி செய்வான், "நிதியமைச்சரே, ஒரு டீ குடிக்க அனுமதி உண்டா?" பேக்கரியில் விடியற்காலை ஷிஃப்ட் பார்க்கிறவன், நாலு மணிக்குப் போனால் பன்னிரண்டுக்கு விடுவார்கள், புருவத்தில் மாவு ஒட்டியபடியே வருவான், எத்தனை தடவை முகம் கழுவினாலும் அந்தப் புருவத்து மாவு மட்டும் போகாது. பன்னிரண்டு வரை போனை எடுக்க முடியாது, அடுப்புக்குப் பக்கத்தில் போன் கூடாது. அதனால் இப்போதைக்குக் கேட்க வழியில்லை. மறந்திருப்பான். ஒரு மாதம் மறக்கலாம், இரண்டு மாதமா. காப்பகத்து அக்கா கணக்கில் தப்பாக எழுதியிருப்பாள், அவள் இருபது குழந்தையைப் பார்க்கிறவள், தப்பு வரத்தான் செய்யும். காலையில் சாப்பிடவும் இல்லை. சாப்பிடாத ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கணும் என்று யாராவது கேட்டால் இப்போதே சொல்லிவிடுவாள்.

எழுபத்திமூன்று வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே "சொல்லுங்க" என்றாள். பாதி இப்போது கட்டுகிறேன், மீதிக்கு ஒரு மாதம் வேண்டும், என்று பேருந்தில் மூன்று முறை ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னாள். "அதெல்லாம் இல்லம்மா, வெள்ளிக்கிழமை கடைசி." பிறகுதான் கவுன்ட்டருக்குக் கீழேயிருந்து ஒரு குட்டி விரல் மேலே வந்து மரத்தைச் சுரண்டுவதைப் பார்த்தாள் போலிருக்கிறது, எட்டிப் பார்த்தாள். "உங்க பொண்ணா?" ஆமாம் மேடம். "அப்போ முதல்லயே சொல்லக் கூடாதா, குழந்தை வச்சிருக்கிறவங்களுக்குச் சலுகை உண்டே, பாதிக் கட்டணம் தள்ளுபடி, கேக்கிறவங்களுக்கு மட்டும் குடுக்கிறோம்." கேட்கிறவர்களுக்கு மட்டும். ஒன்றரை வருடமாக யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நாலு பக்கப் படிவத்தை நீட்டி, உட்கார்ந்து நிரப்பிவிட்டு டோக்கன் இல்லாமலேயே வரச் சொன்னாள், ஏழாவது பகுதியைக் கவனமாக எழுதச் சொன்னாள், அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம், கணவர் படித்துக் கையெழுத்துப் போடணுமாம்.

ஏழாவது பகுதி: குடும்பத்தின் மொத்தக் கடன். யாரிடம், எவ்வளவு, எதற்காக, மீதி எவ்வளவு. ஏழு வரிசை. பேனாவைத் திறந்ததும் ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது, இதில் அவளைத் தோற்கடிக்க ஆள் கிடையாது. குளிர்சாதனப் பெட்டி, தவணை, மீதி நாலு. அவன் அக்காவிடம் வாங்கியது, வீடு மாறியபோது முன்பணத்துக்கு, மீதி பாதி. பேக்கரி முதலாளி கொடுத்த அட்வான்ஸ், அறுபதாயிரம், வட்டி இல்லை, இவள் கல்லூரியில் சேர்ந்தபோது, சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. மூன்று வரிசை. அப்புறம்... அப்புறம் சித்தி. சித்தியிடம் வாங்கியது நோட்டில் இல்லை. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்பும் முன் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூன்று தவணை போட்டிருக்கணும் என்றார்கள், வெள்ளைக் கோட்டு இரண்டு, பரிசோதனைக் கட்டணம், எல்லாம் சேர்ந்து பதினெட்டாயிரம். கல்லூரியே இலவசமாகப் போட்டது என்று அவனிடம் சொல்லிவிட்டாள், அந்த வாரம்தான் அவன் முட்டி வீங்கிப் படுத்திருந்தான், சொல்லி என்ன ஆகப்போகிறது. சித்தி வாரம் தவறாமல் போன் செய்வாள், உடம்பு எப்படி, குழந்தை எப்படி, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள், கேட்டுத் தொலைத்தால்கூடத் தேவலை. நாலாவது வரிசையில் 'சி' என்று எழுதுவதற்காகப் பேனா முனையை வைத்தாள். ஒரு புள்ளி விழுந்தது. கணவர் படித்துக் கையெழுத்துப் போடணும்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான், சின்னப் பையன், முதல் வருடமாக இருக்கும், தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வாலு சட்டென்று நாற்காலிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் பளபளவென்று. என்னடி என்றால் தலையை ஆட்டுகிறாள், பேசமாட்டாளாம். ஹெல்மெட் கழன்று, உள்ளேயிருந்து வேறு யாரோ ஒருவனின் வியர்த்த முகம் வந்ததும்தான் கையை எடுத்தாள். "அந்த மாமா இல்ல" என்றாள். எந்த மாமா? "ஹெல்மெட் மாமா. நம்ம வீட்டுக்கு வருவாரே. டம் டம்னு கதவத் தட்டுவாரு. அப்போ ஊமை விளையாட்டு விளையாடணும்." ஊசி போடும்போது கையைப் பார், முகத்தைப் பார்க்காதே, பார்த்தால் உன் கை நடுங்கும் என்று செய்முறை ஆசிரியர் சொல்வார், அவள் படிவத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள், யார்கூட விளையாடுவ? "அப்பாகூட. பாத்ரூம்ல. பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துக்குவோம். யாரு முதல்ல பேசுறாங்களோ அவங்க அவுட்டு." எத்தனை தடவை வந்தாரு? "நூறு தடவ." நூறா? "இல்ல... மூணு. நான்தான் ஜெயிச்சேன். அப்பா இருமிட்டாரு, அவுட்டு."

ஒன்றும் உடையவில்லை. அதைத்தான் அவள் கவனித்தாள், ஏதாவது உடையும் என்று காத்திருந்து, உடையவில்லை என்பதை. குழாயில் எடுத்த ரத்தத்தைச் சும்மா வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே சிவப்பு அடியில் தங்கி மேலே தெளிந்த மஞ்சள் நிற்கும், யாரும் எதுவும் செய்ய வேண்டாம், அப்படி மேலே தெளிவாக இரண்டு கவர் தெரிந்தது, தேதி ஐந்து, தேதி ஐந்து, இரண்டும் காப்பகத்துக்குப் போகவில்லை, ஹெல்மெட் போட்ட அந்த வசூல்காரனிடம் போயிருக்கின்றன, அப்படியும் போதவில்லை, அதனால் கதவைத் தட்டுகிறான். சீட்டாட்டமா, குடியா? குடிக்கிறவன் இல்லை. வேறு பெண்ணா? சிரிப்பு வந்தது, அந்த முட்டியோடு எங்கே போவான். பாத்ரூமில் பக்கெட்டின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்தால் பக்கெட் தாங்குமா? குழந்தையை மடியில் வைத்திருப்பான். இருமல் வந்தால் குழந்தையின் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்து இருமியிருப்பான்.

பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடத்தில் போன். "நிதியமைச்சரே, பாப்பாவக் கூப்பிடக் கிளம்பிட்டேன், வர்றப்போ எதாச்சும் வாங்கணுமா?"

"கூப்பிடப் போக வேணாம். என்கூடத்தான் இருக்கா. காலேஜ்ல."

அந்தப் பக்கம் தட்டுகளை அடுக்குகிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது, கதவு சாத்தப்படுவது, பிறகு தெருச் சத்தம். வெளியே வந்துவிட்டான்.

"அந்தக்கா சொல்லிட்டாங்களா?"

"ம்."

"சொல்லணும்னுதான் இருந்தேன். இந்த வாரம் எப்படியாச்சும்..."

"எவ்வளவு?"

"இப்போ எதுக்கு அது, வீட்டுக்கு வந்து..."

"கையில ஃபாரம் இருக்கு. கடன் எவ்வளவுன்னு எழுதணும். எவ்வளவு?"

நாற்பத்தி நாலு என்றான். வாங்கினது அறுபது, வாரத் தவணை, வட்டி தனி. எதுக்கு வாங்கின என்று கேட்க வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள், அறுபது என்ற எண் படிவத்தில் மூன்றாவது வரிசையில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. "முதலாளி குடுக்கலையா?" "அந்த ஆளா? உடைஞ்ச பிஸ்கட்டை எடை போட்டுச் சம்பளத்துல கழிக்கிறவன்... அவன்கிட்டப் போயி நான் கேக்கவே இல்ல. சரி, நான் அங்கயே வர்றேன், வாசல்ல நில்லு."

உடைந்த பிஸ்கட்டை எடை போடுகிறவர். அது அவளுக்குத் தெரியும், அவன் சொல்லி அவள்தான் நோட்டில் எழுதியிருக்கிறாள், 'பிஸ்கட் பிடித்தம்' என்று மாதாமாதம். கல்லூரியில் சேர்வதற்கு முந்தின சாயங்காலம் ரொட்டி போடுகிற காகிதப் பையில் பணத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான், இவள் இரண்டு தடவை எண்ணினாள், அவன் குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தான். முதலாளியா குடுத்தாரு? என்று கேட்டாள், "அவரும் மனுஷன்தானே" என்றான் முதுகைக் காட்டிக்கொண்டு. நம்பினாளா? நம்பினேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். ஒரு சோப்புக்கு ரசீது கேட்கிறவள் அறுபதாயிரத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கேட்கவில்லை, வட்டி என்கிற கட்டத்தில் சுழியம் போட்டுவிட்டு மறுநாள் சேர்க்கைக்கு என்ன உடுத்துவது என்று யோசிக்கப் போய்விட்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், அவனுக்குப் பொய் சொல்ல வராது, ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும், சொல்லியிருப்பான், அவள் கல்லூரியில் சேர்ந்திருக்கமாட்டாள்... அதனால்தானா?

மூன்றாவது வரிசையில் 'பேக்கரி முதலாளி' என்பதை அடித்துவிட்டு 'தனியார் கடன், வாரத் தவணை' என்று எழுதினாள். மீதி நாற்பத்தி நாலாயிரம். எதற்காக: மனைவியின் படிப்பு. நாலாவது வரிசையில் அந்தப் புள்ளி மட்டும். அதற்குப் பக்கத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அவன் தன்னுடையதைச் சொல்லி பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பதிலுக்கு இவளும் சொல்லிவிடலாம், இதைவிடச் சுலபமான நேரம் வராது, இப்போதே எழுதி வைத்துவிட்டு, படிவத்தைப் பார்த்து அவனே தெரிந்துகொள்ளட்டும் என்றுகூட விட்டுவிடலாம். ஆனால் இன்றைக்கு அவன் தப்புச் செய்தவனாக வருவான், தலையைக் குனிந்துகொண்டு வருவான், ஒரு நாளாவது... சே, என்ன புத்தி இது. எழுந்து கவுன்ட்டருக்குப் போனாள்.

எழுத்தர் விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாக இறங்கினாள். "இது என்ன புள்ளி? வேற ஏதாவது விட்டுப் போச்சா?"

"இல்ல மேடம். பேனா பட்டுடுச்சு."

எவ்வளவு இயல்பாக வந்தது. குரல் தடுமாறவில்லை, வேகமாகவும் சொல்லவில்லை. இரண்டு மாதமும் "கட்டியாச்சு" என்று அவன் சொன்னபோதெல்லாம் அந்தக் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியாதது ஏன் என்று இப்போது விளங்கியது, கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இருந்திருக்காது. எழுத்தர் ஸ்கேலை வைத்துக் காலி வரிசைகளின் குறுக்கே ஒரு சாய்வுக் கோடு இழுத்தாள். "இப்படி அடிச்சாத்தான் பின்னாடி யாரும் எதையும் சேர்க்க முடியாது. வீட்டுக்காரர் கையெழுத்து இங்க."

வாசலில் அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான், முட்டியைச் சுவரோரம் சாய்த்து, புருவத்தில் மாவு. வாலு ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, நான் அம்மாகிட்ட நம்ம விளையாட்டைச் சொல்லிட்டேன்" என்றாள். அவன் குழந்தையின் தலையைத் தடவினான், இவள் முகத்தைப் பார்க்கவில்லை, படிவத்துக்குக் கையை நீட்டினான். எங்கே போடணும் என்று கேட்டான், காட்டினாள், சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு பேனாவை ஓட்டினான்.

"படிச்சுட்டுப் போடேன்" என்றாள்.

"எதுக்கு, நீ எழுதினதுதானே."

மை காயட்டும் என்று ஊதினான், தாள் மடங்காமல் அவளிடம் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். நம்பிக்கைதான், வேறென்ன, ஏழு வருடத்து நம்பிக்கை, இவ்வளவு நாளும் அதை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்... ஆனால் கையெழுத்துப் போடும்போது அவன் கண் அந்தச் சாய்வுக் கோட்டின் மேல் ஒரு கணம் நின்றதா, அல்லது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினானா?