தபீதாளின் அனுமதிப் பட்டியல்

1987 மே மாதம், சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த மறுநாளிலிருந்து, யாருக்கு எந்தப் பொறுப்போ அதற்குரிய அறைக்குள் மட்டுமே அவரவர் உடம்பு நுழைந்தது. கம்ப்யூட்டரில் ஸ்டோர், லேப், டெஸ்பாட்ச் என்று தனித்தனிப் பக்கங்கள். இன்ன பொறுப்பில் இருப்பவர் இன்ன பக்கத்தைத் திறக்கலாம் என்று பதிந்து வைப்பது தபீதாளின் வேலை. அவள் திரையில் பதிந்ததை வாசல்களும் கேட்டுக்கொண்டன. ஸ்டோர்க்காரர் பாய்லர் அறை வாசலில் தூக்கிய காலோடு நின்றார். கதவு திறந்தேதான் இருந்தது, கால் மட்டும் உள்ளே போகவில்லை. சூடு மிச்சம் என்று திரும்பிப் போனார். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது.

பழகாதவர் மேனேஜர் உமாபதி, முதலாளி வேதாச்சலத்தின் மைத்துனர். ஜூன் கடைசியில் கூழ் கெட்டு இருநூறு பெட்டி டின்கள் உப்பிப்போயின. லேபில் இருந்த செங்கம்மா பாஸ் போட மாட்டேன் என்றுவிட்டாள். உமாபதி தபீதாளிடம் வந்தார்.

"லேப் பொறுப்பையும் என் பேர்ல போடும்மா. லாரி நின்னுக்கினு கீது."

"செய்யறதும் நீங்க, பாஸ் பண்றதும் நீங்கன்னா எப்படி சார்? கொழந்தைங்க துன்ற பண்டம்."

"அப்போ நாளையிலர்ந்து உனக்கு இங்க வேலை இல்ல."

வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் எழுந்து நாற்காலியை விட்டாள். உமாபதி உட்கார்ந்து தானே பதியப் பார்த்தார். விரல்கள் பட்டன்களை ஊடுருவிக்கொண்டு போய் மேஜையில் முட்டின. பொறுப்பு கொடுக்கும் பொறுப்பு அவருடையதல்ல. அவளை நீக்குவதையும் அதே திரையில்தான் பதிய வேண்டும், அதுவும் முடியவில்லை.

ஆத்திரத்தில் சரக்கை அப்படியே லாரியில் ஏற்றி ரேணிகுண்டாவுக்கு அனுப்பினார். லாரி கேட்டைத் தாண்டியது, பெட்டிகள் தாண்டவில்லை. அடுக்கு கலையாமல் இருநூறும் கேட்டின் நடுவே அந்தரத்தில் நின்றன. டிரைவர் ரங்கையா பாகாலா வரை போன பிறகுதான் வண்டி காலி என்று கண்டு திரும்பினார்.

வேதாச்சலம் வந்து, எட்டி ஒரு டின்னை எடுத்துத் திறந்தார். புளித்த வாடை ஆளைத் தள்ளியது.

"யார் சொன்னா இது எறங்கும்?"

"செங்கம்மா சொன்னா எறங்கும் சார்," என்றாள் தபீதாள்.

செங்கம்மா வந்து, குழி வெட்டிப் புதையுங்கள் என்றாள். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையிறங்கின. தோல் சீவும் பெண்கள் நூற்றிருபது பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. உமாபதிக்கு இனி என்ன பொறுப்பு என்று முதலாளி கேட்க, காம்பவுண்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது என்று தபீதாள் பதிந்தாள். அதை அவர் நன்றாகவே செய்தார்.

அடுத்த சீசனில் ஒருநாள், வேதாச்சலம் லேபுக்குப் போனவர் வாசலைத் தாண்ட முடியாமல் நின்றார். ஆலையே அவருடையது. கதவைத் தட்டினார். "இருங்க சார், வரேன்," என்றாள் உள்ளிருந்து செங்கம்மா. அந்தப் பக்கமாகப் போன தபீதாள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். முதலாளி உட்கார்ந்துகொண்டார்.